காற்று விழுந்த நாட்கள்

ஜூன் 2, திங்கள், காலை 6.20

287.

இது என் மனைவி ஹெப்சிபாவின் சர்க்கரை. வெறும் வயிற்றில். நூற்றுப் பத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லை.

சனிக்கிழமை நாகர்கோவில் டாக்டரம்மா சொன்னது: மூன்று மாதச் சராசரி காட்டும் HbA1c டெஸ்ட் 9.8. "ஏழுக்குக் கீழ வரட்டும். அதுக்கப்புறம் குழந்தையப் பத்தி யோசிங்க. இப்ப வேண்டாம். அம்மாவுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து." செப்டம்பரில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.

திரும்பும்போது ஹெப்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "ஏழு நல்ல நம்பர்தான் அத்தான். பைபிள்ல நெறைய எடத்துல வருது" என்றாள். நான் சிரிக்கவில்லை. அது ஒரு டார்கெட். அவ்வளவுதான்.

பதினோரு வயதிலிருந்து அவளுக்கு இது இருக்கிறது. உடம்பு இன்சுலின் சுரப்பதில்லை. சாப்பாட்டுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று ஊசியால்தான் ஓடுகிறது. பெண் பார்க்கப் போன அன்றே சொல்லிவிட்டார்கள். "இது ஒரு கன்ட்ரோல் சிஸ்டம்தானே" என்றேன். அவள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறுதலுக்காகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார். நான் நினைத்ததைத்தான் சொன்னேன்.

ஆரல்வாய்மொழி கணவாயில் காற்றாலை சர்வீஸ் இன்ஜினியர் நான். முப்பதுக்கும் மேற்பட்ட டவர்களை ஒழுங்காக ஓட வைக்கிறேன். ஒரு வீட்டில் ஒரு ஆளுக்குச் சர்க்கரையை ஒழுங்குபடுத்த முடியாதா?

அதனால் இந்த நோட்டு. எண், சாப்பாடு, ஊசி அளவு. கதை கிடையாது.

ஜூன் 3

241. மூன்று தோசை. இரண்டு போதும் என்றேன். "மூணாவது உங்களுக்குச் சுட்டது, நீங்கதான் வேண்டாம்னிய" என்றாள். யாருக்குச் சுட்டால் என்ன, உள்ளே போனது அவளுக்கு.

ஜூன் 5, வியாழன்

காலை 118, மதியம் 132, இரவு 126. இப்படித்தான் இருக்க வேண்டும்.

காற்று பலமாக அடித்தது. வினாடிக்குப் பதினைந்து மீட்டர் வேகத்துக்கு மேல் போனால் யாரும் டவர் ஏறக்கூடாது என்பது விதி. நாள் முழுக்கக் கீழே கன்ட்ரோல் ரூமில் ரிப்போர்ட் அடித்தேன். ஹெப்சி மூன்று தடவை போன் செய்தாள். ஒன்றுக்கும் காரணம் கிடையாது. ஏன் கூப்பிட்டாய் என்றால், "சும்மாதான்."

ஜூன் 7

அடுப்படியில் எறும்பு வரிசை. போன வருடமும் ஒரு நாள் இப்படித்தான், தரை முழுக்க எறும்பு. திட்டினேன். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்: சீனி டப்பாவின் மூடி லூசு. வள்ளியூரில் புது டப்பா வாங்கினேன். நாலு பக்கமும் கிளிப் வைத்து இறுக்கும் மூடி. காற்றுகூட நுழையாது.

"இது எனக்குத் தொறக்க வராது" என்றாள்.

"பழகும்."

"அவசரத்துக்குத் தொறக்க வராது அத்தான்."

"சீனிக்கு உனக்கு என்ன அவசரம்?"

அவள் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

காற்று விழுந்துவிட்டது. இங்கே அப்படித்தான் சொல்வார்கள், மரம் விழுந்த மாதிரி. காலையில் எழுந்தபோது வீட்டைச் சுற்றி ஒன்றும் அசையவில்லை. இறக்கைகள் எல்லாம் நின்ற இடத்தில் நின்றன, யாரோ பாதிப் பேச்சில் கையைத் தூக்கியபடி உறைந்துபோன மாதிரி.

(இப்படியெல்லாம் எழுதக்கூடாது. காலையில் ஹெப்சி சொன்ன உவமை, ஒட்டிக்கொண்டது.)

காற்று விழுந்தால் எங்களுக்கு வேலை. 14-ஆம் டவர் ஏறினோம். போன் கீழே லாக்கரில். மேலிருந்து ஒரு ஸ்குரு விழுந்தாலே கீழே நிற்பவன் காலி, போன் விழுந்தால் கேட்கவே வேண்டாம். வாக்கி-டாக்கி மட்டும். நாலு மணி நேரம்.

கூட ஏறிய டெக்னீஷியன் இசக்கி மறுபடியும் தன் பழைய தப்பைச் செய்தார். சுழலும் அச்சைப் பூட்ட வேண்டும், அதைப் பூட்டாமல் உள்ளே கை வைத்தால் கை இருக்காது. "போட்டாச்சா?" என்று கேட்டேன். "போட்டாச்சு சார்." போய்ப் பார்த்தால் அவர் போட்டது பிரேக். லாக் இல்லை.

இறங்கியதும் கத்தினேன். "என்ன போட்டாச்சு? யார் போட்டது? நம்ம மொழியில போடுறதுக்கு அளவே கிடையாது. காப்பி போடலாம், சட்டை போடலாம், சண்டை போடலாம். முழுசாச் சொல்லும்: 'ரோட்டர் லாக், நான் போட்டேன்.' பாதிப் பேச்சு சைட்ல கூடாது."

"செரி சார். ரோட்டர் லாக், நான் போடல. இப்ப டீ, நீங்க போடுங்க" என்றார். நக்கல். ஐம்பது வயது ஆள், ஒன்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தால் 334.

"மதியம் ஊசி போட்டியா?"

"போட்டேன்."

"எத்தன?"

"நீங்க சொன்னதுதான்."

நான் சொன்னதைப் போட்டிருந்தால் 334 வராது. அவளிடம் சொன்னேன். ஒழுக்கம் இல்லை என்றும் சொன்னேன். அவள் கீபோர்டைத் திறந்து, மாலையில் படிக்க வரும் பிள்ளைகளுக்காக ஒரு பாட்டைச் சத்தமில்லாமல், ஸ்விட்ச் போடாமலேயே வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மட்டும் ஓடியது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கோயிலிலிருந்து வந்தோம். சாப்பிட்ட பின் 290. நாலு யூனிட் கூடுதலாகப் போடச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 281. இறங்கவில்லை. இன்னும் மூன்று. "கொஞ்சம் பொறுங்க அத்தான், அது மெல்லத்தான் வேல செய்யும்" என்றாள். பொறுத்தால் எப்படி ஏழு வரும்? போட்டாள்.

ஐந்தரைக்கு மேல் வெயில் சாய்ந்தால் பக்கத்து டவரின் நிழல் எங்கள் ஹால் சுவரில் விழும். இறக்கை ஒவ்வொன்றாகச் சுவரைத் துடைத்துக்கொண்டு போகும். வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல். ஹெப்சி பாயில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், இந்த வீடு மூச்சு விடுது" என்றாள்.

"ம்."

"டவரெல்லாம் நடந்து கடலுக்குப் போவுது. தண்ணி குடிக்க."

திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக. முகத்தில் ஒரு சிரிப்பு, இதற்கு முன் நான் பார்க்காதது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாத ஆள் சிரிக்கும் சிரிப்பு.

"மேலருந்து பாத்தா கடல் தெரியுமா?"

"தெரியும்."

"எப்டி இருக்கும்?"

"ஹெப்சி, விரலைக் காட்டு."

52.

அவள் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. கரைத்துக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். "நீங்க ரொம்ப தூரத்துல இருக்கிய, ஆனா உங்க கை மட்டும் கிட்ட இருக்கு" என்றாள். பிதற்றல். சர்க்கரை இறங்கினால் மூளைக்கு எரிபொருள் இல்லை, அதனால் இப்படி. கால் மணி நேரத்தில் 84. சாதாரணமாக எழுந்துபோய் அரிசி களைந்தாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கு நினைவில்லை.

எண்ணுக்காக ஆரம்பித்த நோட்டில் இதை ஏன் இவ்வளவு முழுதாக எழுதினேன் என்று தெரியவில்லை. டாக்டரிடம் சொல்ல உதவும்.

ஜூன் 17

22-ஆம் டவர் தகராறு. காற்று சற்று மாறினாலும் கன்ட்ரோலர் அவசரப்பட்டு இறக்கையின் கோணத்தைத் திருப்புகிறது. அதிகம் திருப்பிவிட்டு, பிறகு பதறித் திரும்பவும் எதிர்ப்பக்கம். டர்பைனே ஆட ஆரம்பித்துவிட்டது. இசக்கி காற்றைத் திட்டினார். காற்றில் தப்பே இல்லை. கன்ட்ரோலருக்குப் பொறுமை இல்லை. செட்டிங்கை மாற்றி மெதுவாக்கினேன், அடங்கிவிட்டது.

ஹெப்சி: காலை 160. தேவலை.

ஜூன் 26

கிராஃப் போட்டேன். விசித்திரம்.

காற்று அடிக்கும் நாட்களில் அவள் எண் நன்றாக இருக்கிறது. காற்று விழுந்த நாட்களில் எகிறுகிறது. ஒன்றிரண்டு நாள் தவிர. காற்றின் வேகமும் அவள் ரத்தமும் ஒரே கயிற்றில் கட்டிய மாதிரி, ஒன்று ஏறினால் ஒன்று இறங்குகிறது.

சாத்தியங்கள்: காற்றில்லாத நாளில் ஈரப்பதம் கூடி, ரத்தம் சோதிக்கும் ஸ்ட்ரிப் தப்புக் காட்டுகிறது. அல்லது புழுக்கத்தில் இன்சுலின் கெடுகிறது. அல்லது தூக்கம்.

அவளிடம் கேட்டேன். "காத்து நின்னா உனக்கு என்ன பண்ணுது?"

"வீட்டுக்குள்ள ரொம்ப சத்தமா இருக்கு" என்றாள்.

"காத்து நின்னா அமைதியால்ல இருக்கும்?"

"அதத்தான் சொல்லுதேன்."

புரியவில்லை. ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று கூடுதலாகப் போட்டேன்.

ஜூலை 1

பொட்டலத்தால் பயனில்லை. காற்று இல்லை, 308.

ஜூலை 4, வெள்ளி

அவள் அம்மா போன் செய்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வா, பிள்ளை வரத்துக்காக ஜெபிக்கலாம் என்று. போனை வாங்கி, "அத்த, பட்டினி கிடந்தா அவ சர்க்கரை கீழ போயிரும், கர்த்தருக்கு அது தெரியும், உங்களுக்குத்தான் தெரியல" என்றேன். ஹெப்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு நாள் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

காற்று பலம். 121, 138, 119.

ஜூலை 12

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஹெப்சி போனில் வானிலை பார்க்கிறாள். தினமும் பார்க்கிறாள் என்று இன்றுதான் கவனித்தேன். மழைக்காக இருக்கும். மாடியில் வற்றல் காய்கிறது.

ஜூலை 19

மேலே, வேலை முடிந்து, கூரை மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். சாரல் விலகியிருந்தது. தெற்கே கடல். அவள் கேட்டது ஞாபகம் வந்தது. எப்படி இருக்கும்? பார்த்தேன். கடல் மாதிரி இருந்தது.

இறங்கி வந்து பார்த்தால் 296. அதனால் கடலைப் பற்றி ஒன்றும் பேச்சு வரவில்லை.

ஜூலை 29

இன்று கேட்டே விட்டேன். "உனக்குப் பிள்ளை வேணுமா வேண்டாமா? வேணும்னா ஒழுங்கா இரு. வேண்டாம்னா சொல்லு, நான் இந்த நோட்டைத் தூக்கிப் போடுதேன்."

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு இலையாக.

"வேணும்" என்றாள். சத்தமே இல்லாமல். "உங்கள விட வேணும்."

பிறகு ஏன்? கேட்டேன். கீரை மட்டும் குவிந்தது.

ஆகஸ்ட் 6

வரும் ஞாயிறு அவள் ஊர்க் கோயிலில் அசனம். பண்டிகை முடிந்து ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. திட்டம் போட்டேன்: அவ்வளவு சோற்றுக்குப் பத்து யூனிட். சோறு இலையில் விழும் நேரம் பார்த்துப் போட வேண்டும். முன்னால் போட்டால் இறங்கிவிடும், பின்னால் போட்டால் ஏறிவிடும். அவள் தலையாட்டினாள். "பரீட்சை எழுதப் போற மாதிரி இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11

எழுதவில்லை என்றால் வரிசை மறந்துபோகும்.

ஆராதனை முடிந்தது. கூட்டம், வெயில். ஹெப்சி வாடிப்போய் இருந்தாள். கோயிலுக்கு அடுத்த தெருவில் அவள் அம்மா வீடு. பேனா ஊசி அங்கே ஃப்ரிட்ஜில். "நீ போய் ஃபேன் அடியில உக்காரு. சோறு போட்டதும் சொல்லுதேன், ஊசி போட்டுட்டு வா" என்றேன். மீட்டரும் குளுக்கோஸும் உள்ள அவள் கைப்பை பைக் பெட்டிக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். அவள் அண்ணன் எட்வின் வாளியை நீட்டினான். "மாப்ள, எம்பது மீட்டர் டவர் ஏறுறிய, ஒரு வாளிக் குழம்பு தூக்க மாட்டியளா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

பந்தி உட்கார்ந்தது. வரிசை வரிசையாக இலை விரித்துத் தண்ணீர் தெளித்தார்கள். அந்த நேரம் போன். ஒரே இரைச்சல், ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"அத்தான், போட்டாச்சா?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் வாசலிலிருந்து வேப்பமரம் வரை பச்சையாக இலை.

"போட்டாச்சு போட்டாச்சு. சீக்கிரம் வா."

அவள் கேட்டது சோறு. நான் சொன்னது இலை.

பத்து யூனிட்டைப் போட்டுக்கொண்டு வந்து பெண்கள் பந்தியில் உட்கார்ந்தாள்.

சோறு வரவில்லை. வெளியூரிலிருந்து வர வேண்டிய விருந்தினருக்காக ஐயர், அதாவது சபைப் போதகர், காத்திருந்தார். விருந்தினர் வந்து, ஐயர் ஜெபம் செய்யாமல் யாரும் ஒரு பருக்கையும் தொட மாட்டார்கள். நான் சமையல் பக்கம் வாளியோடு நின்று, இது என்ன நிர்வாகம் என்று எட்வினிடம் கத்திக்கொண்டிருந்தேன். அரை மணி. முக்கால் மணி. எனக்குத் தெரிந்தது தாமதம் மட்டும்தான். அவள் ஊசி போட்டுவிட்டாள் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

தற்செயலாகத் திரும்பினேன். பெண்கள் வரிசையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹெப்சி மட்டும் வெறும் இலையில் தெளித்த தண்ணீரை ஒரு விரலால் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள். கரை போட்டு, வளைத்து. முகத்தில் அந்தச் சிரிப்பு.

வாளியைக் கீழே போட்டேன். கொட்டியது. ஓடினேன்.

"ஊசி போட்டியா?"

"போட்டாச்சுன்னியளே" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "இலயில கடல் இருக்கு அத்தான். சோறுதான் இல்ல."

சமையல்காரர்களுக்காக ஒரு குண்டானில் கருப்பட்டிக் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. அதை மொண்டு, ஊதி ஊதி, ஆற்றிக்கொண்டே வந்து அவள் வாயில் வைத்தேன். ஒரு கிழவர், "ஏ மாப்ள, ஜெபம் முடியலையே" என்றார். "உம்ம ஜெபத்த நீரு பாரும்" என்றேன். பந்தி முழுக்க எங்களைத்தான் பார்த்தது. அவளுடைய ஊர். இத்தனை வருடம் ஒருவர் கண்ணிலும் படாமல் ஊசி போட்டுக்கொண்ட ஊர்.

இரண்டாவது டம்ளர். என் தோளில் சாய்ந்துகொண்டாள். உடம்பெல்லாம் ஈரம். எட்வின் பைக்கிலிருந்து பையை எடுத்து வந்தான். 41.

வேப்பமரம் தலைக்கு மேல் அசைந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"காத்து இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்ப சரி. நீங்க கீழதான் இருப்பிய." கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள், பாட்டுப் பாடிக் குழந்தையைத் தூங்க வைப்பவள் மாதிரி. "காத்து விழுந்தாத்தான் மேல போயிருவிய. போன் லாக்கர்ல கெடக்கும். அன்னைக்கு மட்டும் ஊசியக் கொறச்சுக்கிடுவேன். சர்க்கர கூட இருந்தா விழ மாட்டேம்லா. நீங்க எறங்குற வரைக்கும் விழாம இருக்கணும்லா."

அப்போதுதான் விருந்தினர் வந்து சேர்ந்தார். எல்லோரும் தலைகுனிந்தார்கள். ஐயர் ஜெபிக்க ஆரம்பித்தார். நான் குனியவில்லை. அவளுடைய கழுத்தில் நாடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 12

லீவு.

ஆகஸ்ட் 13

லீவு. காற்று பலம். 129.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இந்த முறை என்ன சொன்னோம் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. மாடியில் வற்றலைப் புரட்டிக்கொண்டே பேசினோம். காற்றில் புடவை படபடத்தது. பாதிச் சொற்கள் எனக்கு வந்து சேரவில்லை, கிட்டப் போய் நின்றுகொண்டேன்.

போன வருடம், காற்று விழுந்த ஒரு நாள். மதியம் அடுப்படியில் கால் மடிந்து விழுந்திருக்கிறாள். எழுந்திருக்க முடியவில்லை. எனக்குப் போன் செய்திருக்கிறாள், திரும்பத் திரும்ப.

"லாக்கருக்குள்ள அடிச்சிக்கிட்டே கெடந்திருக்கும். எனக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. அது பாட்டு மாதிரி இருந்துச்சு. அப்டியே தூங்கிரலாம்னு தோணுச்சு."

"அப்புறம்?"

"கீழ்த் தட்டுல சீனி டப்பா. கையால தட்டி விட்டேன். மூடி தெறிச்சிட்டு. தரையிலருந்து அள்ளித் தின்னேன்."

அன்று மாலை நான் இறங்கி வந்து, விடுபட்ட அழைப்புகளைப் பார்த்துக் கேட்டேன். அவள், "சும்மாதான்" என்றாள். வீட்டுக்குள் நுழைந்ததும், "இதென்ன தரை முழுக்க எறும்பு?" என்று திட்டினேன்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க டவர் ஏறாம இருப்பியளா? இல்ல, எனக்கு அம்மா வீட்டுல போய் இருன்னுதான் சொல்லுவிய."

அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு வற்றலை எடுத்து நொறுக்கிப் பார்த்தாள். "பிள்ள வேணும் அத்தான். ஆனா பிள்ளையக் கையில வச்சிக்கிட்டு நான் விழுந்தா? நீங்க மேல இருக்கும்போது கீழ ரெண்டு பேரு இருப்போம். அத நெனச்சா கை தானா ஊசியக் கொறைக்குது."

9-ஆம் டவருக்கு எண்ணெய் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 18

கன்ட்ரோல் ரூமில் இருபத்து நாலு மணி நேரமும் ஆள் உண்டு. அங்கே ஒரு தொலைபேசி. அங்கிருந்து வாக்கி-டாக்கியில் மேலே இருக்கும் என்னை அரை நிமிடத்தில் பிடிக்கலாம். மானேஜர் வாரம் இரண்டு தடவை அப்படித்தான் பிடிக்கிறார், டீசல் கணக்குக் கேட்க.

அந்த எண் ஹெப்சியிடம் இல்லை. கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம். நான் கொடுக்கவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

ஃப்ரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அவள் ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றாள். "இவ்வளவுதானா?" என்றாள். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

காற்று விழுந்தது. 14-ஆம் டவர். பன்னிரண்டரைக்கு வாக்கி-டாக்கி கரகரத்தது. "சார், வீட்டுலருந்து அம்மா." ஸ்பேனரை வைத்துவிட்டு வாக்கி-டாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

கன்ட்ரோல் ரூம் ஆள் போனையும் வாக்கி-டாக்கியையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். அவள் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது.

"அத்தான், சும்மாதான். வேல செய்யுதான்னு பாத்தேன்."

இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். "சார், முழுசாச் சொல்லச் சொல்லுங்க. பாதிப் பேச்சு சைட்ல கூடாது."

மாலை 171. திட்டவில்லை. காற்றில்லாத நாளில் இருநூறுக்குக் கீழே இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 27

காற்று இல்லை. 158. அவள் கூப்பிடவில்லை. மேலே உட்கார்ந்து நான்தான் வாக்கி-டாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள், பகல் 11.40

8.1.

ஏழு இல்லை.

டாக்டரம்மாவுக்கு மகிழ்ச்சி. "9.8-லருந்து இது பெரிய இறக்கம். இன்னும் மூணு மாசம் இப்படியே போங்க. விரட்டாதீங்க." கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார். ஹெப்சி ஏதாவது சொல்லிக் கொடுத்தாளா என்று கேட்டேன். இல்லையாம், முகத்திலேயே தெரிகிறதாம்.

பஸ்ஸில் அதே ஜன்னலோரம். கணவாய்க்குள் நுழைந்ததும் டவர்கள் வர ஆரம்பித்தன, ஒன்றன் பின் ஒன்றாக, மெல்லச் சுற்றிக்கொண்டு. சீசன் முடியப் போகிறது. இனி காற்று விழும் நாட்கள் கூடும். நான் மேலே இருக்கும் நாட்களும்.

"எட்டுக்கும் பைபிள்ல ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "பிரளயத்துல பேழைக்குள்ள எட்டுப் பேரு இருந்தாவ. தண்ணி வடியுற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, காத்திருந்தாவ. கதவு தொறந்துச்சு." என் தோளில் சாய்ந்தாள். நான் பதறி அவள் நெற்றியைத் தொட்டேன். வியர்வை இல்லை. கண்ணைத் திறக்காமலே, "சர்க்கர லோ இல்ல அத்தான். சும்மா சாஞ்சேன்" என்றாள்.

அப்படியே இருந்தேன். ஊர் வந்தது. எழுப்பவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தோம்.

இனி செய்ய வேண்டியவை:

1. மறுநாள் டவர் ஏறுவதாக இருந்தால் முதல் நாளே சொல்வது. வானிலையைப் பார்த்து அவளாகக் கண்டுபிடிக்கக் கூடாது.

2. ஊசி போட்ட பின் குறைந்தது மூன்று மணி நேரம் பொறுப்பது. பொறுக்க முடியாவிட்டால் மாடிக்குப் போய் நிற்பது.

3. "போட்டாச்சு" வீட்டிலும் தடை. சோறு, இலை, ஊசி எதுவானாலும் பெயர் சொல்லி, யார் என்று சொல்லி.

4. கிளிப் வைத்த டப்பாவை இசக்கிக்குக் கொடுத்துவிடுவது. பழைய டப்பாவில் சீனி, கீழ்த் தட்டில், மூடி இல்லாமல். எறும்பு வரட்டும்.

5. அடுத்த தடவை மேலே ஏறியதும் கடலைப் பார்த்து, என்ன நிறம், எங்கே வெளிச்சம், படகு இருக்கிறதா, எல்லாவற்றையும் வாக்கி-டாக்கியில் ஹெப்சிக்குச் சொல்வது. முழு வாக்கியமாக.